இலஞ்சி அக்காவின் செவ்வாயும் வெள்ளியும்

கணவருக்குக் கழுத்தில் குழாய் இறக்குவதற்கு உள்ளே எல்லாம் தயாராகிக்கொண்டிருந்தது. இலஞ்சி அக்கா வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் துணிப்பைக்குக் காது தைத்துக்கொண்டிருந்தார்.

நான் கையெழுத்து வாங்கத் தாளோடு போனேன். டயாலிசிஸ் செய்வதற்காக அவர் கணவருடைய கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஒரு வழி செய்திருந்தார்கள். அது அன்று காலை அடைத்துப்போய்விட்டது. இனிக் கழுத்து வழியாகத்தான் ரத்தத்தை எடுக்க வேண்டும் என்று டாக்டர் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் அக்கா, கொஞ்சம் பொறு என்பதுபோல் கையைக் காட்டினார். தைத்துக்கொண்டிருந்த நூல் அறுந்துவிட்டது போல. புது நூலை எடுத்து நுனியை உதட்டில் நனைத்து, ஊசியில் முதல் முறையிலேயே கோத்தார். தைத்து முடித்து, முடிச்சுப் போட்டு, மிச்ச நூலைப் பல்லால் கடித்து, பையை இழுத்துப் பார்த்து, அந்தப் பெண்ணிடம் கொடுத்த பிறகுதான் என் தாளை வாங்கினார்.

பேனாவைப் பிடித்ததும் கை நடுங்க ஆரம்பித்தது. எழுத்து கோட்டில் உட்காரவே இல்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் அவரால் கையெழுத்துப் போட முடிந்தது. சற்று முன்னால் ஊசியில் நூல் கோத்த அதே கை.

நான் அப்போது தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தேன். ஊசி குத்துவது, மெஷினை ஓட்டுவது, நாலு மணி நேரமும் நோயாளியின் ரத்த அழுத்தத்தைக் கவனிப்பது என் வேலை. எங்கள் பிரிவில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. புளியங்குடி வந்தாச்சா, சிவகிரிக்கு எடை பார்த்தாச்சா என்றுதான் பேசிக்கொள்வோம். கூட வருகிறவர்களுக்கும் ஊர்ப்பெயர்தான். அப்படி அவர் கணவர் இலஞ்சி அண்ணாச்சி ஆனார், அவர் இலஞ்சி அக்கா. அவருடைய சொந்தப் பெயரை எத்தனையோ தாள்களில் பார்த்திருக்கிறேன். அதை இங்கே எழுதினால் வேறு யாரைப் பற்றியோ எழுதுவதுபோல இருக்கும்.

ஐம்பதை நெருங்கிய வயது. குள்ளமான, அகலமான உடம்பு. அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத வேகமான நடை. அண்ணாச்சி மின்கம்பம் ஏறுகிற வேலையில் இருந்தவர். நல்ல உயரம், பேச்சு குறைவு. ஒரே மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் விடிந்தும் விடியாமலும் இலஞ்சியிலிருந்து ஆட்டோ வந்து நிற்கும். அக்கா முதலில் இறங்கி, அண்ணாச்சி இறங்குவதற்குத் தோளைக் கொடுப்பார். அவரை உள்ளே எங்களிடம் விட்டுவிட்டு வெளியே வந்ததும் அக்காவின் வேலை தொடங்கிவிடும்.

வேலை என்று அவர்தான் சொல்வார். "சரி, நான் என் வேலையப் பாக்குதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்.

முதல் நாள் வருகிறவர்களைத்தான் அவர் தேடுவார். புருஷனுக்கோ பிள்ளைக்கோ அம்மாவுக்கோ முதல் தடவை டயாலிசிஸ் நடக்கிற அன்று, கூட வந்தவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிற நிற்பை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். உட்காரத் தோன்றாது அவர்களுக்கு. கையில் பையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே பார்ப்பார்கள். குழாயில் ரத்தம் ஓடுவதைப் பார்த்துவிட்டால் அவ்வளவுதான், சுவரைப் பிடித்துக்கொள்வார்கள். அக்கா பக்கத்தில் போய் நிற்பார். கவலைப்படாதீர்கள் என்றோ, எல்லாம் சரியாகிவிடும் என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய முதல் கேள்வி, கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்பதாக இருக்கும். கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். எந்தக் குழாயில் குடிக்கிற தண்ணீர் வரும், எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஏசிக் காற்று பிடரியில் அடிக்காது, எந்தக் கடையில் இட்லி காலையிலேயே தீர்ந்துபோகும் என்று அடுத்தடுத்து வரும். அரைமணி நேரத்தில் அந்த மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சிலர் சாப்பிட்டிருப்பார்கள்.

ஏன் கழிப்பறையில் ஆரம்பிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவருடைய முதல் நாளில் அண்ணாச்சி உள்ளே இருக்க, எங்கே போவது என்று யாரிடமும் கேட்க வாய் வராமல், நாலு மணி நேரமும் அடக்கிக்கொண்டு நின்றாராம். அழுகையைக்கூடத் தாங்கிவிட்டேன், அதைத்தான் தாங்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

போகப்போக எங்களுக்கு வேறொன்றும் பிடிபட்டது. வழக்கமாக அக்கா ஒரு தூக்குச்சட்டியில் தனக்கு மட்டும் சாப்பாடு கொண்டுவருவார். சில நாள் பெரிய பாத்திரம் நிறைய எலுமிச்சைச் சாதமோ உப்புமாவோ வரும். வெளியே காத்திருக்கிற எல்லாருக்கும் இலை போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பார். அப்படி வந்தால், முந்தின நாள் அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே எடை பார்த்தால் உடம்பில் தண்ணீர் ஏறியிருக்கும், கால் வீங்கியிருக்கும். எங்கள் தலைமை நர்ஸ் செங்கோட்டைக்காரர், பேச்சில் மலையாளம் கலக்கும். நாங்கள் சிஸ்டர் என்போம். அவர் அக்காவின் பாத்திரத்தைப் பார்த்துவிட்டே எனக்கு ஜாடை காட்டுவார். நான் போய் ஆக்சிஜனைச் சரிபார்த்து வைப்பேன்.

சிஸ்டருக்கு இதில் வருத்தம் இருந்தது. இந்தப் பொம்பளை ஒரு தடவையாவது உட்கார்ந்து அழுது நான் பார்க்கவில்லை மோளே, இப்படி ஓடிக்கொண்டே இருந்தால் ஒருநாள் விழுந்துவிடுவாள் என்று சொல்வார். எனக்கும் சில சமயம் பயமாக இருக்கும். வீட்டில் ஏதோ எரிகிறது, இவர் அடுத்த வீட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும்.

அதை முகத்துக்கு நேராகக் கேட்டவர் புளியங்குடி அண்ணாச்சிதான். எலுமிச்சை மண்டி வைத்திருந்தவர். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகும் போனில் லாரிக்காரர்களை விரட்டிக்கொண்டு இருப்பார். மனைவி இல்லை. மகன் வெளிநாட்டில். தனியாகக் காரில் வந்து தனியாகப் போவார். யாராவது கையைப் பிடிக்கப் போனால் தட்டிவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை ஊசியெல்லாம் எடுத்த பிறகு தலை சுற்றுகிறது என்று வெளியே வந்து உட்கார்ந்திருந்தார். அக்கா ஒரு இலையில் உப்பில்லாத உப்புமா கொண்டுபோய் நீட்டினார். அவர் வாங்கவில்லை. அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்டுக்காரரு பிழைக்கணும்னு புண்ணியம் சேக்குதியளோ?"

சுற்றி இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அக்காவுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை.

"புண்ணியமெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணாச்சி. உங்களப் பாத்துக்கிட்டு இருக்க நேரத்துல நான் என்னையப் பாக்காம இருக்கேன். அம்புட்டுதான். இந்தாங்க, ஆறிரும்."

புளியங்குடி அண்ணாச்சி இலையை வாங்கிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், வேண்டா வெறுப்பாக முகத்தை வைத்துக்கொண்டே, வாங்கிக்கொண்டார்.

கல்யாணமான அதே வருஷம் நான் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தேன். தென்காசி மாதிரி ஊரில் அது எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் தெரிந்த முகங்களைத் தவிர்ப்பதற்காகவே சந்து சந்தாகச் சுற்றி வருவேன். ஒருநாள் வக்கீல் ஆபீசிலிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டு, தண்ணீர் சுத்திகரிக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மோட்டார் சத்தத்தில் வெளியே கேட்காது என்று நினைத்தேன். கதவைத் திறந்தவர் அக்கா. என்னைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை.

"ஏட்டி, சிவகிரிக்காரன் ஊசிக்குக் கைய நீட்ட மாட்டேங்கான். நீ குத்துனாத்தான் வலிக்கலயாம். வாரியா?"

சிவகிரிக்காரன் என்றால் இருபத்தைந்து வயது இளைஞன். அவர்கள் குடும்பத்தில் எல்லாரும் பட்டாளம், போலீஸ். இவனும் பட்டாளத்துக்குப் போவதற்காக ஓடிப் பழகிக்கொண்டிருந்தவன். உடல் தகுதிப் பரிசோதனையில்தான் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது தெரிந்தது. அவனுக்கு ஊசி என்றால் முகம் வெளுத்துவிடும். அவனுடைய அம்மா வெளியே சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நிற்பார். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு போய், அவனிடம் ஏதேதோ பேசி, இரண்டு ஊசியையும் குத்தினேன். உண்மையிலேயே வலிக்கவில்லை என்றான். ரத்தம் ஒழுங்காக ஓட ஆரம்பித்ததைப் பார்த்தபோது எனக்கு மூச்சு சீராக வந்தது. வீட்டுக்குப் போனதும் பழைய பாரம் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் காலை நேரம் முழுக்க அது என்மேல் இல்லை. அப்படி ஒரு பொழுது கிடைக்கும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. மறுநாள் நேர்வழியாக ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தேன்.

அக்காவே இதை எல்லாம் விட்டுவிட்ட ஒரு காலமும் உண்டு. அண்ணாச்சிக்குக் கழுத்துக் குழாய் வருவதற்கு முன்னால் நடந்தது அது.

சிவகிரி அம்மாவுக்கு மகனுடைய ஸ்கேனை எங்கே போய் வாங்குவது என்று தெரியவில்லை. அக்கா கூடப் போயிருந்தார். பக்கத்துத் தெருதான். அந்த நேரத்தில் உள்ளே அண்ணாச்சிக்கு ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கிவிட்டது. டயாலிசிஸில் இது நடப்பதுதான். காலை உயர்த்தி, சலைன் ஏற்றி, மெஷினின் வேகத்தைக் குறைத்தோம். கண் செருகுவதற்கு முன்னால் அவர் அக்காவைக் கூப்பிட்டார். நான் வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். அக்கா இல்லை. அன்றைக்கென்று அண்ணாச்சியின் தங்கை பார்க்க வந்திருந்தார். அக்கா திரும்பி வந்தபோது அண்ணாச்சி தெளிந்து, வியர்வையில் நனைந்து படுத்திருந்தார். தங்கை எல்லார் முன்னாலும், ஊருக்கு உழைக்கப் போனவளுக்குப் புருஷன் எதற்கு என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த செவ்வாயிலிருந்து அக்கா கண்ணாடிக் கதவை ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எழுந்திருக்கவே மாட்டார். முதல் நாள்காரர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அக்கா திரும்பிப் பார்க்க மாட்டார். பார்வை முழுக்க அண்ணாச்சியின் மேல். மெஷினில் மணி அடித்தால், அது வேறு யாருடைய மெஷினாக இருந்தாலும், எழுந்து நின்றுவிடுவார். வாரங்கள் போகப்போக ஆள் மாறிக்கொண்டே வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்தது. சேலையை உள்பக்கம் வெளியே தெரியக் கட்டிக்கொண்டு வந்தார். சிஸ்டர் கூப்பிட்டு ரத்த அழுத்தம் பார்த்தால் அண்ணாச்சியைவிட இவருக்குத்தான் அதிகம். தூக்கம் வருகிறதா என்று கேட்டதற்கு, இவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதே என்றார்.

அப்போது பேசியவர், அதிகம் பேசாத அண்ணாச்சி. நான் பக்கத்தில் நின்று குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அக்காவை உள்ளே வரச்சொல்லி ஜாடை காட்டினார். அக்கா பதறிக்கொண்டு வந்தார்.

"ஏட்டி, அங்கன உக்காந்து என்னையவே பாத்துக்கிட்டு இருக்காதட்டி. எனக்குப் பயமா இருக்கு. உன் மூஞ்சியப் பாத்தா நான் இப்பமே போயிருவேன் போலத் தோணுது."

அக்கா அவர் காலில் விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டார்.

"வெளிய யாருக்காச்சும் என்னமும் வேணுமான்னு கேளு. போ. நீ முன்ன மாதிரி இருந்தாத்தான் எனக்கும் இதுல கெடக்க முடியும்."

உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று அக்கா கேட்டார். கையில் ரெண்டு ஊசியைக் குத்திப் போட்டிருக்கிறாளே, நான் எங்கே ஓடிவிடப் போகிறேன் என்று என்னைக் காட்டிச் சிரித்தார் அண்ணாச்சி. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அக்கா வெளியே போனார். கொஞ்ச நேரம் கதவருகே நின்றார். ஸ்டூலை எடுத்துச் சுவர் ஓரமாக வைத்துவிட்டு, மூலையில் நின்றுகொண்டிருந்த ஒரு வயதானவரிடம் போய்க் கழிப்பறை எங்கே இருக்கிறது தெரியுமா என்று கேட்டார். ஒரு மாற்றம் மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் என்னிடம் சொல்லிவிட்டுப் போவார், போனைக் கையிலேயே வைத்திருப்பார்.

கழுத்துக் குழாய் போட்ட பிறகு அண்ணாச்சி சில மாதங்கள் இருந்தார். குற்றாலத்தில் சாரல் பருவம் தொடங்கிய சமயத்தில் ஒரு காலையில், வீட்டிலேயே, காபி கேட்டுவிட்டுக் கண்ணை மூடியவர் திறக்கவில்லை. ஷிப்டு முடிந்து சிஸ்டரும் நானும் இலஞ்சிக்குப் போனோம். அக்கா வந்தவர்களுக்கு எல்லாம் தம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். சீனி போடலாமா, இல்லை சுகர் இருக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். நாத்தனார் மூலையில் உட்கார்ந்து, இவள் நெஞ்சு கல் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் காதில் விழுந்தது. மகள் அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் அழுவதற்குள் அக்கா எழுந்துவிட்டார்.

காரியம் முடிந்து அடுத்த செவ்வாய்க்கிழமை, வழக்கமான நேரத்துக்கு ஆட்டோ வந்து நின்றது. அக்கா மட்டும் இறங்கினார். பழக்கத்தில் ஒரு நொடி திரும்பித் தோளைக் கொடுப்பதுபோல் நின்றுவிட்டு, ஆட்டோவை அனுப்பிவிட்டு உள்ளே வந்தார். அன்றைக்கு அண்ணாச்சியின் கட்டிலில் திருவேங்கடத்திலிருந்து ஒரு புதிய நோயாளி. மானாவாரி விவசாயி, வெயிலில் கருத்த உடம்பு. அவருக்கு முதல் நாள். அவர் மனைவி கண்ணாடிக்கு வெளியே பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா கட்டிலைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் போய் நின்று தன் முதல் கேள்வியைக் கேட்டார். அன்று முழுவதும் அவர் உள்பக்கம் திரும்பவில்லை.

இப்படியே வாரங்கள் போயின. சிஸ்டர் தடுக்க வேண்டாம் என்றார். ஆனால் நாங்கள் கவனித்துக்கொண்டிருந்தோம். இவுகளுக்கு உப்பு ஆகாது, இவுகளுக்குக் காற்று பட்டால் இருமல் வரும் என்று அண்ணாச்சியைப் பற்றி, அவர் இன்னும் இருக்கிறதுபோலவே பேசினார். நாங்கள் யாரும் திருத்தவில்லை. உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. எல்லாருக்கும் இலை போட்டுவிட்டுத் தனக்கு எடுத்து வைக்க மறந்துவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை புளியங்குடி அண்ணாச்சி மெஷினில் இருக்கும்போது என்னைக் கிட்டே கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை டயாலிசிஸ் கிடையாதே என்று உறுதிப்படுத்திக்கொண்டார். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம், ஒரு வேன் சொல்லியிருக்கிறேன் என்றார். நோயாளிகள் அருவியில் குளிக்கக் கூடாதே என்றேன்.

"தண்ணி ஆகாதது எங்களுக்குத்தானம்மா. கூட வாறவங்களுக்கு என்ன? வெளிய கெடந்து காயுதாங்கள்லா. எல்லாரையும் கூட்டிட்டுப் போ. அந்தப் பொம்பளைய விட்டுறாத."

அந்தப் பொம்பளை என்று அவர் யாரைச் சொன்னார் என்பதில் சந்தேகம் இல்லை.

நோயாளிகளை அன்றைக்கு மட்டும் வேறு ஆட்களின் பொறுப்பில் விட்டுவிட்டுப் பெண்கள் வந்தார்கள். ஒரு வேன் நிறைந்தது. அக்காவிடம் துணைக்கு வாருங்கள் என்று சொல்லித்தான் என்னால் கூட்டிவர முடிந்தது. ஐந்தருவியில் தண்ணீர் அளவாக விழுந்தது. பெண்கள் பக்கத்தில் கூட்டம் இருந்தாலும் இடம் கிடைத்தது. வருஷக்கணக்காக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நடந்தவர்கள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் போய்க் கத்தினார்கள். திருவேங்கடத்து அம்மா வெளியே வரவே மாட்டேன் என்று நின்றார். அக்கா பைகளையும் செருப்புகளையும் சுற்றிலும் வைத்துக்கொண்டு, குரங்கை விரட்டிக்கொண்டு, பாறையோரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வருகிறவர்களுக்குத் துண்டை எடுத்து நீட்டினார்.

சிவகிரி அம்மாதான் வந்து அவர் முன்னால் நின்றார். பேசாதவர், கூச்சப்படுகிறவர். அன்று அக்காவின் மடியில் இருந்த பையை எடுத்து என்னிடம் கொடுத்தார். அக்காவின் கையைப் பிடித்து எழுப்பினார். அக்கா மாற்றுச்சேலை கொண்டுவரவில்லை என்றார். என்னிடம் இரண்டு இருக்கிறது என்றார் சிவகிரி அம்மா. இரண்டு பேருமாகத் தண்ணீருக்குள் போனார்கள்.

வெளியே வந்தபோது அக்காவுக்குப் பல் கிட்டியது. சிவகிரி அம்மா அவரைப் பாறையில் உட்கார வைத்து, பின்னால் நின்றுகொண்டு, துண்டால் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். அக்கா துண்டைத் தானே வாங்கப் பார்த்தார். கொடுக்கவில்லை. காதுக்குப் பின்னால், பிடரியில், உச்சியில் என்று நிதானமாகத் துவட்டினார். அக்காவின் தலை அவர் கை போன பக்கமெல்லாம் போனது. கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கியது. குளிர் என்று நினைத்தேன்.

"அவுக போயிட்டாகளே" என்றார் அக்கா.

"ஆமாக்கா" என்றார் சிவகிரி அம்மா. "போயிட்டாக."

துவட்டுவதை அவர் நிறுத்தவில்லை. அக்கா வாய்விட்டு அழுதார். மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஈரச்சேலையோடு சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அழுது முடிகிறவரை உட்கார்ந்திருந்தோம். பிறகு ஒருத்தி பையைத் திறந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். அக்காவுக்கு ஊட்டப் போனபோது, கை இருக்கிறது எனக்கு என்று சொல்லி வாங்கிக்கொண்டார். நிறையச் சாப்பிட்டார்.

இப்போது நான் திருவனந்தபுரத்தில் இருக்கிறேன். சிவகிரிக்காரனுக்கு அவனுடைய அம்மாவே சிறுநீரகம் கொடுத்தார். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். புளியங்குடி அண்ணாச்சி இல்லை. அவருடைய கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்தவர் அக்கா. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் என்று இல்லை. சில வாரம் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். சில நாள் சும்மா தூங்கிவிட்டேன் என்பார். வந்தால், எங்கள் யாரிடமாவது உட்கார்ந்து அண்ணாச்சியைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார். அவுக இருந்தபோது என்று ஆரம்பிப்பார். பிறகு எழுந்து வேலையைப் பார்க்கப் போவார். நல்லது செய்தால் மனசு லேசாகும் என்று யாராவது சுலபமாகச் சொன்னால் எனக்கு அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாரங்களும் நினைவுக்கு வரும், காபித் தம்ளரோடு நடந்துகொண்டே இருந்த நாளும் நினைவுக்கு வரும். இரண்டையும் சேர்த்துத்தான் எனக்கு அவரைத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வேன் கிளம்பியதுமே அக்கா சிவகிரி அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். சாரல் மறுபடி தூற ஆரம்பித்திருந்தது. குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு வரும் வழியில்தான் இலஞ்சி. அக்காவின் தெருமுனை வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அக்காவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பட்டுமா என்று நான் கேட்டேன். எழுப்ப வேண்டாம் என்று சிவகிரி அம்மா தலையை அசைத்தார். டிரைவர் நிறுத்தாமல் ஓட்டினார். தென்காசியில் ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். பஸ் ஸ்டாண்டில் சிவகிரி பஸ் புறப்படத் தயாராக நின்றது. உங்கள் பஸ் என்று நான் ஜன்னல் வழியாகக் காட்டினேன். அந்த அம்மா பார்த்தார். தோளை அசைக்காமல், அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று கையால் சொன்னார். டிரைவர் வண்டியை மறுபடி இலஞ்சிக்குத் திருப்பினார், மெதுவாக.